வீடற்றோரை எண்ணுவது எப்படி?

உயர்கல்வி வழிகாட்டல் வகுப்பில் 'சமூக ஆய்வாளர்' என்ற பணியைச் சொன்னால், "அவங்களுக்கு என்ன சார் வேலை?" என்றுதான் மாணவர்கள் கேட்கிறார்கள். அப்போது அமெரிக்க ஆய்வாளர் டென்னிஸ் கல்ஹேனைப் பற்றிச் சொல்வது என் வழக்கம்.

முனைவர் பட்ட ஆய்வுக்காக அவர் ஃபிலடெல்ஃபியாவில் வீடற்றோர் விடுதி ஒன்றில் 7 வாரங்கள் தங்கினார். சில மாதங்கள் கழித்து மீண்டும் போனபோது, உடன் தங்கியிருந்த ஒருவரைக்கூட அங்கே காணவில்லை. எங்கே போனார்கள்? விடை தேடி விடுதிப் பதிவேடுகளைக் கணினியில் தொகுத்து ஆராய்ந்தார். ராண்டல் குன்னுடன் சேர்ந்து, நியூயார்க், ஃபிலடெல்ஃபியா நகரப் பதிவுகளைக் கொண்டு 1998இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். விடுதிக்கு வந்தவர்களில் சுமார் 80 விழுக்காட்டினர் சில காலம் தங்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். 10 விழுக்காட்டினர் திரும்பத் திரும்ப வருகிறார்கள். நீண்டகாலம் தங்குபவர்கள் மீதி 10 விழுக்காட்டினரே. ஆனால் விடுதி நாள்களில் ஏறக்குறையப் பாதி அவர்களுடையது.

இது எப்படி என்று புரிய ஒரு கணக்குப் போதும். எட்டாம் வகுப்பிலேயே செய்யலாம். ஒரு விடுதியில் 10 கட்டில்கள். 5 கட்டில்களில் ஆண்டு முழுவதும் அதே 5 பேர். மற்ற 5 கட்டில்களில் மாதத்துக்கு ஓர் ஆள் மாறுகிறார். ஆண்டுக்கு 60 பேர். எந்த இரவில் போய் எண்ணினாலும் நீண்டகாலம் தங்குபவர் பாதிப்பேர். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 65 பேரில் 5 பேர். 8 விழுக்காடுகூட இல்லை. இரண்டு விடையும் சரியே. கேள்விதான் வேறு.

நம் நாட்டில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றோரைப் பிப்ரவரி 28 இரவில் எண்ணினார்கள். 17.7 லட்சம் பேர் என்று வந்தது. அதுவும் ஓர் இரவின் எண்ணிக்கையே. ஆண்டில் சில மாதம் மட்டும் தெருவுக்கு வந்து போகும் குடும்பங்கள் எத்தனை என்பது அதில் தெரியாது. பள்ளியில் பாதியில் சேர்ந்து பாதியில் நின்றுவிடும் பிள்ளைகளை நினைத்தால் இந்த வேறுபாடு நமக்கு விளங்கும்.

கல்ஹேன் குழுவின் 2002ஆம் ஆண்டு ஆய்வு நியூயார்க்கில் கடுமையான மனநோயுடன் வீடின்றி இருந்த 4,679 பேரைப் பற்றியது. வீடு கிடைக்கும் முன், விடுதி, மருத்துவமனை, சிறை என ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 40,000 டாலர் பொதுப்பணம் செலவாகியிருந்தது. உதவிச் சேவைகளோடு வீடு கொடுத்ததும் அச்செலவு குறைந்தது. வீட்டுக்கான செலவின் பெரும்பகுதி அதில் ஈடாகிவிட்டது.

"மிச்சமாகலன்னா வீடு குடுக்க மாட்டாங்களா சார்?" என்றாள் ஒரு மாணவி. நல்ல கேள்வி. சில மாதம் தங்கிப் போகும் குடும்பத்துக்கு அரசு அவ்வளவு செலவழிப்பதில்லை. அங்கே இந்த மிச்சக் கணக்கு எடுபடாது. சமூகவியல், பொருளியல், புள்ளியியல், நகரமைப்பு, சமூகப்பணி என எதைப் படித்தும் இத்துறைக்கு வரலாம் என்றேன். புள்ளியியலுக்குக் கணக்கு எடுத்திருக்க வேண்டுமா என்று அடுத்துக் கேட்டாள்.