எட்டு ட்ராக் பெட்டியில் எத்தனை மைக்?

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வாடகை அறைக்குத் திரும்பும் இளைஞர்களில் கிடாரும் கீபோர்டும் வைத்திருப்பவர்கள் உண்டு. பெங்களூர் 40 கிலோமீட்டர்தான், அங்கே ஸ்டூடியோக்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வாடகை மணிக்கணக்கில். ஷிப்ட் மாறினால் புக்கிங்கும் போச்சு. அறையிலேயே பாட்டைப் பதிவு செய்துவிடலாமே என்று மல்டிட்ராக் ரெக்கார்டர் தேடுகிறவர்களுக்காக இது.

வேலை எளிது. முதலில் கிடாரை ஒரு ட்ராக்கில் பதிகிறோம். அதை ஹெட்போனில் கேட்டபடியே குரலை இன்னொன்றில் பதிகிறோம். குரல் பிசகினால் குரலை மட்டும் மறுபடி பாடலாம், கிடார் அப்படியே இருக்கும். பெரிய ஸ்டூடியோவின் இந்த வசதியை வீட்டுக்குக் கொண்டுவந்தது 1979-இல் வந்த டாஸ்காம் போர்ட்டாஸ்டூடியோ 144. சாதாரண கேசட்டின் இரண்டு பக்கங்களுக்கான நான்கு ட்ராக்குகளையும் ஒரே திசையில், இரட்டை வேகத்தில் ஓட்டியது அது. 60 நிமிட கேசட்டில் 15 நிமிடம்தான் பதியும். அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982-இல் தன் வீட்டில் இந்தப் பெட்டியில்தான் மாதிரிக்காகச் சில பாடல்களைப் பதிந்தார். பிறகு இசைக்குழுவோடு வாசித்துப் பார்த்தது அவருக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் பதிந்த கேசட்டே 'நெப்ராஸ்கா' என்ற ஆல்பமாக வெளிவந்தது.

நம்மூரில் வீட்டு ஸ்டூடியோ என்றதும் 1989-இல் ஏ.ஆர்.ரஹ்மான் கோடம்பாக்கம் வீட்டில் அமைத்த பஞ்சதன் ரெக்கார்ட் இன் நினைவுக்கு வரும். அது முழு ஸ்டூடியோ. மேசை மூலைப் பெட்டியை அதோடு ஒப்பிட்டால் மனம்தான் சோரும்.

கடையில் பலரும் ஏமாறுவது ட்ராக் எண்ணிக்கையில்தான். டாஸ்காம் டிபி-008இஎக்ஸ் எட்டு ட்ராக் பெட்டி, ஆனால் ஒரே நேரத்தில் பதிவது இரண்டைத்தான். ஜூம் ஆர்8 பெட்டியும் அப்படியே. அதே நிறுவனத்தின் ஆர்16 ஒரே நேரத்தில் எட்டைப் பதியும். அட்டையில் கொட்டை எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு, ஒரே நேரத்தில் எத்தனை மைக் மாட்டிப் பதியலாம் என்று கேளுங்கள். தனியாகப் பாடி வாசிப்பவருக்கு இரண்டு தாராளம்.

பறையும் உறுமியும் தவிலும் அடிக்கும் குழு என்றால் கதை வேறு. அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, ஒருவர் ஏற்ற இன்னொருவர் எகிறுகிறவர்கள். கிளிக் சத்தத்தைக் காதில் மாட்டித் தனித்தனியாக அடிக்கச் சொன்னால் தாளம் தப்பாமல் இருக்கும், ஆனால் உயிர் போய்விடும். எட்டு மைக் பெட்டிக்குச் செலவழிப்பதைவிட, திறந்த வெளியில் இரண்டு நல்ல மைக்குகளைச் சற்றுத் தள்ளி நிறுத்தி எல்லோரையும் ஒரே மூச்சில் பதிவதே மேல் என்பேன். அளவு காட்டும் மீட்டர் உச்ச அடியிலும் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி வைத்தால் சத்தம் உடையாது. ஜூம் ஆர்4 போன்ற புதிய பெட்டிகளில் 32 பிட் ஃப்ளோட் முறை இருப்பதால் அந்தக் கவலை குறைவு. ஆனால் மைக்கே தாங்காத சத்தத்தை எந்தப் பெட்டியும் காப்பாற்றாது.

கண்டென்சர் மைக் வாங்கும் எண்ணமிருந்தால் பெட்டியில் 48 வோல்ட் ஃபாண்டம் பவர் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த மைக் பக்கத்து வீட்டு மிக்ஸி, தேசிய நெடுஞ்சாலை லாரி எல்லாவற்றையும் சேர்த்தே பிடிக்கும். லைன் வீட்டில் இருப்பவருக்கு, வாய்க்கு அருகே பிடித்துப் பாடும் டைனமிக் மைக்கே நல்லது. எர்த் சரியில்லாத வயரிங்கில் அடாப்டர் போட்டால் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் பதிவில் ஏறலாம். பென்சில் பேட்டரியில் ஓடும் பெட்டி என்றால் அந்தத் தொல்லை குறையும், கரண்ட் போனாலும் பாட்டு நிற்காது. ஹெட்போன் காதை முழுதாக மூடுவதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதிலிருந்து கசியும் கிடார் குரல் ட்ராக்கில் விழும்.

24 பிட் தரத்தில் ஒரு ட்ராக் நிமிடத்துக்குச் சுமார் 8 எம்பி எடுக்கும். ஐந்து நிமிடப் பாட்டுக்கு எட்டு ட்ராக்கும் நிறைந்தாலும் 320 எம்பிதான். 32 ஜிபி கார்டு போதும், பழைய மாடல்கள் பலவும் அதற்கு மேல் ஏற்காது. ஒவ்வொரு ட்ராக்கையும் தனித்தனி வேவ் கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா என்று கடையிலேயே செய்துகாட்டச் சொல்லுங்கள். நாளை பெங்களூரில் யாரிடமாவது மிக்ஸிங் செய்யக் கொடுத்தால் அவர் முதலில் கேட்பது அந்தக் கோப்புகளைத்தான்.