கதரும் கைத்தறியும்

அண்மையில் ஒரு நெசவாளர் சங்கத்தின் விற்பனை நிலையத்தைத் தணிக்கை செய்யச் சென்றிருந்தோம். நேர்த்தியாக நெய்த பருத்தித் துண்டுகள் அலமாரியில் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றின்மீது “அசல் கதர்” என்ற சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. இருப்புப் புத்தகத்தைப் புரட்டினோம். நூல் முழுவதும் ஆலையில் வாங்கிய 40-ஆம் நம்பர் சிட்ட நூல்!

“கையால்தானே நெய்தோம், ஐயா! கதர் அல்லாமல் வேறென்ன?” என்றார் விற்பனையாளர். அவர் ஏமாற்ற நினைத்தவர் அல்லர். இரு சொற்களையும் ஒன்றெனக் கருதிவிட்டார். அங்கத்தினர் பலரிடமும் இம்மயக்கம் இருப்பதைக் கண்டிருக்கிறோம்.

கைத்தறி என்னும் சொல் தறியைக் குறித்தது. 1985-ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி, விசைத்தறி அல்லாத எத்தறியும் கைத்தறியே. அதில் ஏறும் பாவும் ஊடையும் ஆலை நூலாயினும் குற்றமில்லை. கதர் என்னும் சொல்லோ நூலிலிருந்தே தொடங்குகிறது. இந்தியாவில் கையால் நூற்ற பருத்தி, பட்டு, கம்பளி நூல்களைக் கொண்டு இந்தியாவில் கைத்தறியில் நெய்த துணியே கதர் என்பது 1956-ஆம் ஆண்டுக் கதர் கிராமத் தொழில் கமிஷன் சட்டத்தின் இலக்கணம். எனவே, கதர் அனைத்தும் கைத்தறித் துணி. கைத்தறித் துணி அனைத்தும் கதர் ஆகாது. பாவு மட்டும் ஆலை நூலாக இருந்தாலும் கதர் என்ற பெயர் பொருந்தாது.

“பெயரில் என்ன இருக்கிறது?” என்று சிலர் கேட்கலாம். கூலி இருக்கிறது என்போம். கதரின் விலையில் நெசவாளியின் கூலியோடு, ராட்டையின்முன் அமர்ந்து நூற்பவரின் கூலியும் அடங்கியுள்ளது. நூற்காத நூலுக்குக் கதர் எனப் பெயரிட்டால், அந்த ஏழையின் பிழைப்பையன்றோ பறிக்கிறோம்? பருத்தி பயிரிடும் அங்கத்தினரும் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும். ஒரே பஞ்சு ஆலைக்கும் போகலாம், ராட்டைக்கும் போகலாம். சென்ற வழியைத் துணியின் பெயர் மெய்யாகச் சொல்லவேண்டும்.

சட்டமும் கண்டிப்பானது. 2013-ஆம் ஆண்டு விதிகளின்படி, கதர் முத்திரை பெறாத துணியைக் கதர் என விற்கலாகாது. கைத்தறித் துணிக்கு 2006 முதல் தனி முத்திரை உண்டு.

“சீட்டை எடுத்தால் விற்பனை குறையாதா?” என்று அவர் தயங்கினார். பொய்ச் சீட்டு ஒருமுறை விற்கும். வாங்கியவர் உண்மை அறிந்தால் சங்கத்தின் நல்ல துணியையும் நம்பமாட்டார் என்றோம். மாலைக்குள் “கைத்தறி, 40-ஆம் நம்பர் ஆலை நூல்” என்ற புதுச் சீட்டுகள் ஏறின. நம் நெசவுக்கு அதுவே போதிய பெருமை. இரவல் பெயர் எதற்கு?