பத்துப் பேர் அழ ஒரு மண்டபம்

ஜப்பானில் இறுதிச் சடங்குகள் குடும்பத்தோடு சுருங்கிவிட்டன. கட்டடக் கலைஞர்களுக்கு இது புதுக் கணக்கு.

மாடி ஜன்னலைத் திறந்தால் எதிரே சவப்பெட்டி. கியோட்டோவை அடுத்த ஊஜி நகரவாசி ஒருவரின் பிரச்சினை இதுதான். சாலைக்கு மறுபுறம் ஈமச்சடங்கு மண்டபம் வந்துவிட்டது. வேலியை உயர்த்தச் சொல்லி வழக்குப் போட்டார். கீழ்க் கோர்ட்டுகள் அவர் பக்கம் நின்றன. ஆனால் 2010இல் உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. எப்போதாவது, அதுவும் சிறிது நேரமே கண்ணில் படும் காட்சியைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டுமாம்.

பொறுத்துக்கொள்ள வேண்டியவர்கள் பெருகுகிறார்கள். ஜப்பானில் 1990இல் 8.2 லட்சம் பேர் இறந்தார்கள், 2023இல் 15.7 லட்சத்துக்கும் அதிகம். சடங்குக்கு வரும் கூட்டமோ குறைந்துவிட்டது. தொண்ணூறு வயதில் இறப்பவரின் நண்பர்கள் பலர் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருப்பார்கள். அலுவலகமே திரண்டு வந்து, வரிசையில் நின்று, துக்கப் பணம் வைத்த உறையைக் கொடுத்த காலம் மலையேறிவிட்டது. நெருங்கிய உறவினர்கள் மட்டும் கூடும் 'கஸோகுஸோ', அதாவது குடும்பச் சடங்கு, பரவிவிட்டது. 2020இல் தொடங்கிய கொரோனா இதை மேலும் விரைவுபடுத்தியது. மூடப்பட்ட கடைகள்கூடச் சிறு மண்டபங்களாக மாறியிருக்கின்றன.

நூறு நாற்காலி போட்ட மண்டபத்தில் பத்துப் பேர் உட்கார்ந்தால், இறந்தவர் நாதியற்றவர் போலத் தோன்றும். எனவே புது மண்டபங்களுக்கு முன்மாதிரி கோயில் அல்ல, வீடு. இறந்து 24 மணி நேரம் கழியாமல் பொதுவாக அங்கே தகனம் செய்யச் சட்டம் அனுமதிப்பதில்லை. அந்த இடைவெளியில் ஓர் இரவு குடும்பம் உடலருகே கண்விழிப்பது வழக்கம். அடுக்குமாடி வீட்டுக்குள் சவப்பெட்டியை ஏற்றி இறக்குவது பெரும்பாடு. அதனால் அந்த இரவும் மண்டபத்துக்கு இடம் மாறியிருக்கிறது. பாய் விரித்த அறை, படுக்கை, குளியலறை, தேநீர் போட ஒரு மூலை என எல்லாம் வேண்டும். நாற்காலிகள் வரிசையாக அல்ல, பெட்டியைச் சுற்றிப் போடப்பட்டால் நல்லது. பெட்டியின் மூடியில் முகம் பார்க்க ஒரு சிறு கதவு உண்டு. பேரக்குழந்தையும் எட்டிப் பார்க்கும் உயரத்தில் அது இருக்க வேண்டாமா?

நாகட்சு நகரில் ஃபுமிஹிகோ மாகி வடிவமைத்து 1997இல் திறக்கப்பட்ட 'காற்றுக் குன்று' தகனக்கூடம் இத்துறையில் ஒரு பாடம். பிரார்த்தனைக்கு, எரியூட்ட, காத்திருக்க என்று தனித்தனி இடங்கள்; உள்ளே தண்ணீர் தேங்கிய முற்றம். துக்கத்தை யாரும் அவசரப்படுத்தாத நடை அது. கடைசியில் உறவினர்கள் இருவர் இருவராகக் குச்சிகளால் எலும்புகளைப் பொறுக்கிக் கலயத்தில் இடுவார்கள். பாதத்தில் தொடங்கித் தலையில் முடியும். கலயத்துக்குள்ளும் அவர் நிமிர்ந்து இருக்க வேண்டும் என்பதற்காக.

சிறு கூட்டத்துக்கும் ஒரு விலை உண்டு. அழைப்பு இல்லாத அண்டை வீட்டாரும் பழைய தோழர்களும் பிறகு ஒவ்வொருவராக வீட்டுக்கு வருகிறார்கள். ஒரே நாளில் முடிய வேண்டிய விசாரிப்பு வாரக்கணக்கில் நீள்கிறது. வாசலையொட்டி, உள்ளே நுழையாமலே வணங்கிவிட்டுப் போக ஒரு சிறு ஊதுவத்தி மாடம் வைத்தால் இந்தச் சங்கடம் பாதி தீரும். சவ வண்டிக்குத் தெருவின் கண்ணில் படாத தனி வழி இருந்தால் மீதியும் தீரும்.

ஊஜிக்காரர் கேட்டது உயரமான வேலி. வேலிக்கு உள்ளே இருந்தவர்களும் அதைத்தான் விரும்பியிருப்பார்கள்.