வீட்டுக்கொரு பழமரம் – 9: பூத்தும் காய்க்காத மரங்கள்

வீட்டுத் தோட்டத்து மரம் காய்க்கவில்லை என்ற புகாருக்குள் இரண்டு வேறுவேறு குறைகள் ஒளிந்திருக்கின்றன. பூவே வராதது ஒன்று; பூ கொட்டிக் கிடந்தும் பிஞ்சு நிற்காதது மற்றொன்று. இரண்டுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் உரக்கடையில் போய் நின்றால் ஏதாவது ஒரு பாக்கெட் கைக்கு வரும். பல நேரங்களில் அந்த உரமே அடுத்த ஆண்டும் பூ வராமல் போவதற்குக் காரணமாகிவிடும்.

பூ வராததற்கு முதல் காரணம் வயது. விதையிலிருந்து முளைத்த எந்தப் பழமரத்துக்கும் பருவம் வர ஒரு காலம் பிடிக்கும். அதற்கு முன் என்ன செய்தாலும் அது பூக்காது. மாங்கொட்டை போட்டு வந்த கன்றுக்கு 6 முதல் 8 ஆண்டுகள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். ஒட்டுக்கன்று 3, 4 ஆண்டுகளில் காய்ப்புக்கு வருவதற்குக் காரணம், ஒட்டப்பட்ட குச்சி ஏற்கெனவே பூத்துக் காய்த்த மரத்திலிருந்து வந்தது என்பதுதான். கன்றுதான் புதிது, குச்சியின் பருவம் பழையது. அதனால் சில ஒட்டுக்கன்றுகள் நட்ட முதல் ஆண்டே பூங்கொத்தை நீட்டும். மரம் வலுக்கொள்ளும்வரை அந்தப் பூவைக் கிள்ளிவிடுவது நல்லது.

ஒட்டுக்கன்றிலும் ஓர் ஏமாற்றம் உண்டு. சப்போட்டாக் குச்சியைப் பெரும்பாலும் பாலை மரத்துக் கன்றின் மேல் ஒட்டுகிறார்கள். வேர் பாலையினுடையது, மேலே இருப்பது சப்போட்டா. ஒட்டுக்குக் கீழே துளிர்க்கும் கிளையை வெட்டாமல் விட்டால் அது விறுவிறுவென்று வளர்ந்து மேல்பாகத்தை அமுக்கிவிடும். சில ஆண்டுகள் கழித்து முற்றத்தில் நிற்பது சின்னஞ்சிறு மஞ்சள் பழம் தரும் பாலை மரமாக இருக்கும். மாவிலும் இதே கதைதான். ஒட்டு பட்டுப்போய் வேர்ச்செடி மட்டும் வளர்ந்த பிறகு, ‘பங்கனப்பள்ளி என்று சொல்லித் தந்தார்கள், நாட்டு மாங்காய் காய்க்கிறது’ என்று நர்சரிக்காரரைக் குறை சொல்வது எல்லா நேரமும் நியாயமில்லை.

வயது வந்தும் பூக்காத மாமரத்தில் அடுத்துப் பார்க்க வேண்டியது தண்ணீர். மா நுனிக்கிளையில் பூக்கும் மரம். அதிலும் இளந்தளிரில் பூக்காது. இலை முற்றிக் கரும்பச்சையாகி, சில மாதங்கள் சும்மா இருந்த கிளையில்தான் பூங்கொத்து வெளிவரும். தமிழ்நாட்டுச் சமவெளியில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பனியும் வறட்சியும் சேரும்போது இந்த ஓய்வு தானாக அமைகிறது. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிவரை பூக்கிறது. ஆனால் வீட்டு மரத்துக்குப் பாத்திரம் கழுவிய தண்ணீரும் வாஷிங் மெஷின் தண்ணீரும் ஆண்டு முழுக்கப் போய்க்கொண்டிருக்கும். அதன் மேல் யாராவது யூரியாவையும் போட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம். மரம் டிசம்பரில் செந்தளிராகத் தளிர்த்து நிற்கும். பார்க்க அழகாக இருக்கும், அந்தக் கிளையில் அந்த ஆண்டு பூவுக்கு வழியில்லை. மழைக்காலம் முடிந்ததிலிருந்து பிஞ்சு பட்டாணி அளவுக்கு வரும்வரை பாத்தியைக் காயவிடுவதுதான் இதற்கு மருந்து. தழைச்சத்து உரத்தை அறுவடை முடிந்த கையோடு, ஜூலைக்குள் கொடுத்து முடித்துவிட வேண்டும்.

குளிர் போதாத நாடுகளில் மாவைப் பூக்க வைக்கப் பல வழிகளைத் தேடியிருக்கிறார்கள். பிலிப்பைன்ஸில் மரத்தடியில் ஈரத்தழையை மூட்டிப் பல நாள் புகை போடுவது வழக்கமாக இருந்தது. அங்கே ராமோன் பார்பா என்ற தோட்டக்கலை அறிஞர் பொட்டாசியம் நைட்ரேட் கரைசலை இலையில் தெளித்தாலே போதும் என்று கண்டறிந்தார். 1970களிலிருந்து அந்நாட்டின் மா ஏற்றுமதியே இதை நம்பி வளர்ந்தது. ஆனால் அங்குள்ள ‘கராபாவ்’ ரகத்தில் இருக்கும் பலன் இந்திய ரகங்களில் அந்த அளவுக்கு வருவதில்லை. இங்கே தோப்புக்காரர்கள் வேரில் ஊற்றும் பேக்லோபியூட்ரசால் மருந்து பலன் தருவதுதான். ஆனால் மண்ணில் நெடுநாள் தங்கும். காய்கறிப் பாத்தியும் கிணறும் பக்கத்திலேயே இருக்கும் வீட்டுத் தோட்டத்துக்கு அது வேண்டாத வேலை.

ரகத்தின் குணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அல்போன்சா ஓராண்டு காய்த்துத் தள்ளினால் மறு ஆண்டு ஓய்வெடுக்கும். நீலமும் பெங்களூராவும் ஆண்டு தவறாமல் காய்ப்பவை. நீலத்தின் இந்தக் குணத்தையும் வடநாட்டு தசேரியின் ருசியையும் சேர்த்து, 1970களில் புதுடெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் மல்லிகா, அம்ரபாலி என்ற இரு கலப்பினங்களை வெளியிட்டது. அம்ரபாலி குட்டையாக நிற்கும். நாலுபுறமும் சுவர் உள்ள மனைக்கு அதைவிடப் பொருத்தமான மா குறைவு.

கொய்யாவின் கணக்கு நேர் எதிரானது. அது புதுத் தளிரின் இலைக்கக்கத்தில் பூக்கும். நுனியை வெட்டாமல் விட்ட கொய்யா உயரமாகப் போய், உச்சியில் நாலு காயைக் கிளிக்குக் கொடுக்கும். வெட்டினால் தளிர்க்கும், தளிர்த்தால் பூக்கும். நிமிர்ந்து வளரும் கிளையைக் கயிறு போட்டு வளைத்துக் கட்டினாலும் பக்க மொட்டுகள் விழித்துக்கொள்ளும். கொய்யாவைக் கவாத்து செய்த அதே கையோடு நவம்பரில் மாவின் நுனிகளையும் கத்தரித்தால், வரப்போகும் பூ முழுதும் குப்பைக்குப் போகும்.

இனிப் பூத்த பிறகு வரும் சிக்கல்கள்.

கடையில் வாங்கிய பப்பாளியின் விதையைப் போட்டு வளர்த்த வீடுகளில் நன்கு தெரிந்த காட்சி ஒன்று உண்டு. மரம் ஆளுயரம் வளரும். நீண்ட காம்புகளில் சரஞ்சரமாக வெண்மஞ்சள் பூ தொங்கும். ஒரு காயும் வராது. அது ஆண் மரம். பப்பாளியில் ஆண், பெண், இருபால் என மூன்று வகை மரங்கள் உண்டு. பெண் பூ தண்டை ஒட்டி, காம்பு குறுகி, அடி பருத்திருக்கும். இருபால் பூ சற்று ஒடுங்கி நீண்டிருக்கும். அதன் காயும் நீளமாக வரும். கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ வரிசையில் கோ 2, கோ 5, கோ 8 போன்றவை ஆண், பெண் தனித்தனி மரமாக வரும் ரகங்கள். விதைத்தால் ஏறக்குறைய பாதிக்குப் பாதி ஆணாக இருக்கும். அதனால்தான் ஒரு குழியில் மூன்று நான்கு கன்று நட்டு, பூ வந்த பிறகு ஆணைக் களைகிறார்கள். தோட்டங்களில் 15, 20 பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் போதும். வீட்டில் இரண்டே மரம் வைப்பவர் இந்த வகையை எடுத்தால், அக்கம்பக்கத்தில் ஓர் ஆண் மரம் இருந்தாக வேண்டும். கோ 3, கோ 7, ரெட் லேடி ஆகியவற்றில் இந்தத் தொல்லை இல்லை. பெண்ணும் இருபாலும் மட்டுமே வரும். இருபால் மரத்தைத் தன் மகரந்தத்தாலேயே கருவுறச் செய்து எடுத்த விதையில் இரண்டு இருபாலுக்கு ஒரு பெண் என்ற கணக்கில் கன்றுகள் கிடைக்கும். இருபால் மரபணு இரு பக்கமிருந்தும் சேர்ந்துவிட்டால் அந்தக் கரு பிழைப்பதில்லை என்பதால்தான் மூன்றுக்கு ஒன்று என்ற வழக்கமான கணக்கு இங்கே பொய்க்கிறது.

இருபால் மரத்திலும் ஒரு விசித்திரம் உண்டு. வெயில் ஏறி, தண்ணீரும் குறைந்தால் அதன் பூவில் சூலகம் வற்றிப்போய் அது ஆண் பூவைப் போல உதிரும். தண்டில் காய்கள் வரிசையாக இருந்து, நடுவே ஒரு முழம் வெறுமையாகி, மறுபடி காய்கள் தொடங்கும் மரங்களை எங்கும் காணலாம். அந்த வெறும் முழம் போன கோடையின் அடையாளம். இதை நோய் என்று மருந்தடிக்க வேண்டியதில்லை. தண்ணீரை ஒழுங்காகக் கொடுத்து, மரத்தடியில் மூடாக்கு போட்டால் போதும்.

பலாவில் ஆண் பூங்கதிரும் பெண் பூங்கதிரும் ஒரே மரத்தில் தனித்தனியாக வரும். ஆண் கதிர் சிறியது, மேல்புறம் ஏறக்குறைய வழவழப்பானது. மகரந்தத்தைக் கொட்டியதும் கறுத்து, பூஞ்சை படர்ந்து விழும். பிஞ்செல்லாம் அழுகி விழுகிறது என்று பதறுபவர்கள் பார்ப்பது பெரும்பாலும் இதைத்தான். பெண் கதிர் பெரியது, காம்பு தடித்தது, முள் முனைகள் கையில் உறுத்தும். மாதுளையிலும் அடியைப் பார்த்தே சொல்லிவிடலாம்: அடி குறுகி மணி போல் விரிந்தது ஆண் பூ, அது உதிர்வது இயல்பு, அடி பருத்துக் குடம்போல் இருப்பதே காயாகும். ரம்புத்தான் விதைக்கன்றுகளில் ஏறக்குறைய பாதி ஆணாகப் போய்விடும். கன்னியாகுமரி மாவட்டத்திலோ கேரளத்திலோ வாங்குபவர்கள் ஒட்டுக்கன்றாகவே கேட்டு வாங்க வேண்டும்.

நெல்லி வேறு விதமாகச் சோதிக்கும். காஞ்சன், கிருஷ்ணா, என்.ஏ.7, சக்கையா என்று எந்த ரகமானாலும் தனியாக ஒரே மரம் நின்றால் காய் குறையும். தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில் அதற்கு அவ்வளவு விருப்பமில்லை. இரண்டு ரகம் அருகருகே வேண்டும், அல்லது அடுத்த வீட்டில் வேறு ரகம் இருக்க வேண்டும். கோடைத் தொடக்கத்தில் பூத்த பூ கருவுற்ற பிறகும் பிஞ்சு கண்ணுக்குத் தெரியாமல் மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். மழை விழுந்த பிறகே அது பருக்கத் தொடங்கும். பூவெல்லாம் வீணாகிவிட்டது என்று மே மாதத்தில் மரத்தை வெட்ட நினைப்பவர்கள் ஆகஸ்ட்வரை பொறுக்கலாம்.

ஆணும் பெண்ணும் ஒரே பூவுக்குள் இருந்தும் நேரம் ஒத்துப்போகாத மரங்கள் உண்டு. சீத்தா அதற்கு நல்ல உதாரணம். தலைகீழாகத் தொங்கும் அதன் பூவில் மூன்று தடித்த இதழ்கள். அவற்றின் நுனி லேசாகப் பிரியும்போது உள்ளே நடுவில் இருக்கும் சூல்முடிக் கூம்பு பளபளவென்று பிசுபிசுப்பாக இருக்கும். பெண் பருவம் அதுதான். மகரந்தப் பைகள் அப்போது இன்னும் திறந்திருக்காது. பிறகு இதழ்கள் நன்றாக விரிந்து மகரந்தம் உதிரும். அதற்குள் சூல்முடி காய்ந்துவிடும். இடையில் நுழைந்து வெளியேறும் மிகச் சிறிய வண்டுகள்தாம் ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோகின்றன. மாடியும் சிமெண்டுத் தரையும் சூழ்ந்த வீட்டில் அந்த வண்டுகள் குறைவு. ஏப்ரல், மே வெயிலில் பெண் பருவமும் சீக்கிரம் உலர்ந்துவிடும். மழைக்குப் பின் காற்றில் ஈரம் ஏறிய பிறகு வரும் பூக்களே அதிகம் பிடிக்கின்றன.

இதைக் கையாலேயே செய்துவிடலாம். நன்றாக விரிந்த பூக்களை ஒரு சிறு கிண்ணத்தின் மேல் பிடித்துத் தட்டினால் மகரந்தக் காம்புகள் பொலபொலவென்று விழும். ஓவியம் தீட்டும் மெல்லிய தூரிகையில் அதைத் தொட்டு, காலையில் நுனி மட்டும் பிரிந்த பூவின் இதழை விரலால் விலக்கி, கூம்பைச் சுற்றிலும் தடவ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தடவினால் பழம் கோணலாக வரும். சீத்தாப் பழத்தின் ஒவ்வொரு ‘கண்’ணும் ஒரு தனிச் சூலகம், கருவுற்றது பருக்கும், மற்றது அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும். தானாகக் காய்த்த பழத்தில் ஒரு புறம் அமுங்கிக் கிடந்தால், வண்டு அந்தப் பக்கம் போகவில்லை என்று பொருள். எடுத்த மகரந்தத்தை அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும்.

வெண்ணெய்ப் பழம் இந்த விளையாட்டை இன்னும் கச்சிதமாக ஆடுகிறது. ஒவ்வொரு பூவும் இரண்டு முறை மலரும். ‘ஏ’ வகையில் முதல் நாள் காலை பெண்ணாகத் திறந்து மதியம் மூடி, மறுநாள் பிற்பகல் ஆணாகத் திறக்கும். ‘பி’ வகையில் பிற்பகல் பெண், மறுநாள் காலை ஆண். ஹாஸ் முதல் வகை, ஃபுவர்டே இரண்டாம் வகை. இரண்டும் அருகருகே இருந்தால் ஒன்றின் பெண் நேரம் மற்றதன் ஆண் நேரமாகிவிடும். கீழ்ப்பழனி மலையில் காப்பித் தோட்ட நிழல் மரமாகப் பல வகை கலந்து நிற்பதால் அங்கே இது ஒரு பிரச்சினையே இல்லை. தட்பவெப்பம் மாறும்போது திறக்கும் நேரங்கள் கொஞ்சம் கலப்பதால் தனி மரமும் சில காய் தருவதுண்டு.

மகரந்தமே தேவைப்படாத மரங்களும் இருக்கின்றன. வாழையைச் சொல்லவே வேண்டாம். குற்றாலத்திலும் நீலகிரிச் சரிவின் பர்லியாறு பண்ணையிலும் விளையும் மங்குஸ்தானில் எல்லா மரமும் பெண். விதையும் கருவுறாமலே உண்டாகி, கன்று தாயின் நகலாக வரும். தாமதம் ஒன்றுதான் அதன் குறை: பத்தாண்டு காத்திருக்க வேண்டியிருக்கும்.

மாவுக்குத் திரும்பினால், அதன் பூங்கொத்தில் ஆயிரக்கணக்கான பூக்கள். பெரும்பாலானவை ஆண், மிச்சம் இருபால். மகரந்தத்தைக் கொண்டுபோவதில் ஈக்களுக்குப் பெரிய பங்குண்டு. தைவானில் மாந்தோப்புகளில் ஈயை வரவழைக்க அழுகிய மீனை வைப்பார்கள். பக்கத்து வீட்டாரோடு சுமுகமாக இருக்க விரும்புபவர்களுக்கு ஏற்ற யோசனை அல்ல. பூ மலர்ந்திருக்கும் நாட்களில் பூச்சிமருந்து அடிக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. தத்துப்பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசலையும் சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகத்தையும் மொட்டுப் பருவத்திலேயே தெளித்துவிட வேண்டும். இலைமேல் பிசுபிசுப்பும் அதன்மேல் கரிபோன்ற பூசணமும் தெரிந்தால் தத்துப்பூச்சி முன்பே குடியேறிவிட்டது.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் ஒரு கொத்தில் கடைசியில் நிற்பது இரண்டு மூன்று காய்தான். மரம் தாங்கும் அளவுக்கு வைத்துக்கொண்டு மீதியை உதிர்த்துவிடுகிறது. மாவடு ஊறுகாய்க்கு வழி பிறப்பதும் இப்படித்தான். பட்டாணி அளவு வந்த பிறகு தண்ணீரைத் தொடங்கி, வாரம் தவறாமல் ஒரே சீராகக் கொடுத்தால் அளவுக்கு மீறிய உதிர்வு குறையும். பத்து நாள் காயவிட்டு ஒரேயடியாகப் பாத்தியை நிரப்பினால் அதிகமாகும். கோலிக்குண்டு அளவில் வளர்ச்சி நின்று மஞ்சளடித்த பிஞ்சை நறுக்கிப் பார்க்கலாம். உள்ளே பருப்பு சுருங்கிக் கறுத்திருந்தால் அது சரியாகக் கருவுறாத காய். எந்த உரத்தாலும் அதைக் கிளையில் நிறுத்த முடியாது. பருப்பு வெள்ளையாக, நிறைந்திருந்து உதிர்ந்திருந்தால் மட்டுமே குறையைத் தண்ணீரிலும் சத்திலும் தேட வேண்டும்.

(தொடரும்)