ஞாயிற்றுக்கிழமை கேமராக்காரர்கள் – 6: முதலில் படத்தைக் காட்டுங்கள்

இந்தத் தொடர் ஆரம்பித்ததிலிருந்து அதிகம் வந்து விழும் கேள்வி ஒன்றுதான். "பட்ஜெட் ஐம்பதாயிரம். எந்தக் கேமரா வாங்கலாம்?" என்ன எடுக்கப் போகிறார், எங்கே எடுக்கப் போகிறார், இதுவரை எடுத்தது எப்படி இருக்கிறது என்று ஒரு வரியும் இருக்காது. ஐம்பதாயிரம் மட்டும் இருக்கும். அதை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்ல?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு ஞாயிறு விடியலில் போகிறவர்களுக்குத் தெரியும். மீன் வாங்க வந்த கூட்டத்துக்கு நடுவே கேமராவோடு ஒரு சின்னக் கூட்டமும் திரியும். ஐடி ஊழியர், பல் மருத்துவர், கல்லூரி மாணவர், ரிட்டயரான வங்கி மேலாளர். ஏலக்காரர் குரலை ஏற்ற, ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருவர் "ஓரமா நில்லுப்பா" என்று இடித்துக்கொண்டு ஓட, இவர்கள் விலகி விலகி எடுப்பார்கள். வெயில் ஏறியதும் டீக்கடை. அங்கேதான் பாடமே நடக்கும். டீ ஒரு கையில், அடுத்தவர் கேமராவின் பின்திரை இன்னொரு கையில்.

அப்படியொரு காலையில் காதில் விழுந்த பேச்சு இது.

"சார், இந்தக் கிட் லென்ஸ் சரியில்ல. எல்லாமே மங்கலா வருது. செவன்ட்டி டூ ஹண்ட்ரட் வாங்கணும். அப்பாகிட்ட கேட்டிருக்கேன்."

வங்கி மேலாளர் பதில் சொல்லவில்லை. கேமராவை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, படத்தின் விவரங்களைக் காட்டும் பொத்தானை அழுத்தினார். ஐஎஸ்ஓ 100. ஷட்டர் 1/30. லென்ஸ் 55 மி.மீ.யில் இருந்தது. அடுத்த படம், அதற்கடுத்த படம், எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட அதே எண்கள்.

"ஏன் தம்பி நூறுலயே வெச்சிருக்க?"

"ஏத்தினா நாய்ஸ் வரும்னாங்க சார்."

"யாரு?"

"எல்லாரும்."

ஐஸ் பெட்டியோடு ஓடுகிற மனிதர் விநாடியின் முப்பதில் ஒரு பங்கு நேரத்தில் அசையாமல் நிற்க மாட்டார். ஐஎஸ்ஓவை 100-லிருந்து 1600-க்கு ஏற்றினால் பதினாறு மடங்கு. அதே வெளிச்சத்தில், அதே கிட் லென்ஸில், ஷட்டர் 1/500 வரை போகும். "நாய்ஸ் கொஞ்சம் வரத்தான் செய்யும். வரட்டுமே. புள்ளி புள்ளியா இருந்தாலும் ஆள் தெரிவான். இப்ப இதுல ஆளே இல்லையே" என்றார் மேலாளர். கேமரா கம்பெனிகளே தயாரிக்கும் எஃப் 2.8 ரக 70-200 லென்ஸ் புதிதாக வாங்கினால் லட்சத்தைத் தாண்டும். அதையும் ஐஎஸ்ஓ 100-லேயே வைத்துக்கொண்டு இருட்டோடு மல்லுக்கட்டியிருப்பான் பையன். அப்பாவின் பணம் தப்பித்தது.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: படத்தைப் பார்க்காமல் லென்ஸ் சிபாரிசு செய்யக் கூடாது, கேட்கவும் கூடாது.

பிலிம் காலத்து அமெச்சூர்களின் சட்டைப் பையில் ஒரு குறிப்பேடு இருக்கும். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' கருப்பு வெள்ளைச் சுருளைப் போட்டுக்கொண்டு, முப்பத்தாறு படத்துக்கும் அப்பர்ச்சர் என்ன, ஷட்டர் என்ன என்று வரிசை எண் போட்டு எழுதி வைப்பார்கள். கழுவி வந்த பிறகு எது ஏன் கெட்டது என்று பார்க்க வேறு வழி கிடையாது. இப்போது அந்தக் கணக்கை ஒவ்வொரு படத்துக்குள்ளும் கேமராவே எழுதிக்கொள்கிறது. படிக்கத்தான் ஆளில்லை. போதாக்குறைக்கு, வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் படமும் சுருங்கும், இந்த விவரமும் போய்விடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் இரண்டும் அப்படியே போய்ச் சேரும். இந்தச் சின்ன வித்தியாசம் தெரியாததால்தான் குழுக்களில் 'செம ப்ரோ', 'வேற லெவல்' என்பதைத் தாண்டிப் பேச்சு நகர்வதில்லை என்பது என் சந்தேகம்.

ஆலோசனை சொல்கிறவர்கள் பக்கமும் கோளாறு உண்டு. கேனன் வைத்திருப்பவர் கேனன் என்பார், சோனிக்காரர் சோனி என்பார். தான் வாங்கியது சரிதான் என்று உறுதிப்படுத்திக்கொள்ள இன்னொருவரையும் வாங்க வைத்துவிடுவது மனித சுபாவம்.

எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் இன்னொரு சிபாரிசு ஃபிஃப்டி எம்எம். மோசமான சிபாரிசு என்று சொல்ல மாட்டேன். 1990-இல் கேனன் கொண்டுவந்த 50 மி.மீ. எஃப் 1.8 இரண்டாம் பதிப்பு 130 கிராம்தான் எடை, கேமராவில் பொருந்தும் வளையம்கூட பிளாஸ்டிக். கையில் எடுத்தால் பொம்மை மாதிரி இருக்கும். ஆனால் அது வாங்கிக்கொள்ளும் வெளிச்சம் பொம்மையில்லை. கிட் லென்ஸை நீட்டினால் எஃப் 5.6-இல் நிற்கும். இது எஃப் 1.8. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட பத்து மடங்கு. படமெடுக்க அனுமதிக்கும் கோயில் மண்டபம் ஒன்றில் கிட் லென்ஸ் 1/10-இல் திணறும் இடத்தில் இது 1/100-இல் எடுக்கும். 2015-இல் வந்த புதிய பதிப்பில் வளையமும் உலோகமாகிவிட்டது.

கட்டுப்படியாகும் விலையுள்ள கேமராக்களில் பெரும்பாலானவற்றின் சென்சார் சிறியது என்பதைத்தான் சொல்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். லென்ஸின் மி.மீ. எண்ணைக் கேனனில் 1.6-ஆலும் நிக்கான், சோனி, ஃபியூஜியில் 1.5-ஆலும் பெருக்கிக்கொள்ள வேண்டும். ஐம்பது என்று வாங்கியது எண்பதுபோல நெருக்கிக் காட்டும். முகம் எடுக்க அருமை. ஆனால் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் முதல் பிறந்தநாள் நடக்கிறது, குழந்தை, கேக், தாத்தா பாட்டி எல்லாரும் வர வேண்டும் என்று பின்னால் நகர்ந்தால் சுவர் முதுகில் இடிக்கும். வீட்டுக்குள்தான் அதிகம் எடுப்பவர் என்றால் 35 அல்லது 24 பக்கம் போவது நல்லது. இதைக் கண்டுபிடிக்க யாரையும் கேட்க வேண்டாம். உங்கள் கிட் லென்ஸில் எடுத்த பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் திறந்து எந்த மி.மீ.யில் அதிகம் எடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். பதினெட்டிலேயே குவிந்திருந்தால் உங்களுக்கு வேண்டியது அகலம். ஐம்பத்தைந்திலேயே முட்டிக்கொண்டு நின்றால் தூரம்.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்களுக்குப் பழைய பொறி ஒன்று இன்னும் காத்திருக்கிறது. நிக்கானின் 50 மி.மீ. எஃப் 1.8டி மலிவாகக் கிடைக்கும். டி 3000, டி 5000 வரிசைக் கேமராக்களில் அழகாகப் பொருந்தும். ஆட்டோ ஃபோகஸ் மட்டும் செய்யாது. அந்த லென்ஸை ஓட்டும் மோட்டார் கேமரா உடம்பில் இருக்க வேண்டும், இந்த வரிசைகளில் அது இல்லை. லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ள 'ஏஎஃப்-எஸ்' 1.8ஜி தான் வாங்க வேண்டும். ஓர் எழுத்து மாறியதால் ஏமாந்தவர்கள் நிறைய. 2018-இல் நிக்கானும் கேனனும் ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் பக்கம் திரும்பியதிலிருந்து பழைய டிஎஸ்எல்ஆர்கள் சந்தைக்கு நிறைய வருகின்றன. கற்றுக்கொள்கிறவருக்கு நல்ல காலம், பார்த்து வாங்கினால்.

பார்த்து வாங்குவதென்றால் முதலில் பங்கஸ். நம் கடலோர ஊர்களில் லென்ஸின் முதல் எதிரி அதுதான். லென்ஸைக் கழற்றி, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து மொபைல் டார்ச்சை அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். தூசி என்றால் புள்ளியாகத் தெரியும், கவலை இல்லை. ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சிலந்தி வலைபோல இழை ஓடியிருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஆரம்ப நிலையில் பிரித்துத் துடைக்க முடியும். மேல்பூச்சைத் தின்று கண்ணாடியிலேயே தடம் பதித்துவிட்டால் அது போகாது.

வாங்கிய பிறகும் அதே கவனம் வேண்டும். லென்ஸைத் தோல் உறையிலோ கேமரா பையிலோ போட்டு பீரோவில் பூட்டுவதுதான் இருப்பதிலேயே மோசம். ஈரம் உள்ளேயே தங்கிவிடும். டிரை கேபினெட் வாங்க முடியாதவர்கள் காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பா, ஒரு சின்ன ஈரமானி, சிலிக்கா ஜெல் மூன்றையும் வாங்கிக்கொள்ளலாம். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் சூடாக்கி மறுபடி நீலமாக்கலாம். ஆனால் சமைக்கும் வாணலியில் வறுக்காதீர்கள். அந்த நீலத்துக்குக் காரணம் கோபால்ட் குளோரைடு, வயிற்றுக்குள் போகக் கூடாத சரக்கு. இதைச் சொல்லாமல் 'வறுத்துக்கொள்ளுங்கள்' என்று மட்டும் சொல்கிறவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

எந்தக் கேமரா என்ற கேள்விக்கு மா. கிருஷ்ணன் என்ன சொல்லியிருப்பார் என்று சில சமயம் யோசிப்பதுண்டு. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950 முதல் 1996-இல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கை பற்றிப் பத்தி எழுதியவர். காட்டு யானைகளை அவர் எடுத்த கருப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்திருப்பீர்கள், தோலின் சுருக்கம்வரை தெரியும். அதற்கு அவர் பயன்படுத்தியது எந்தக் கடையிலும் கிடைக்காத கேமரா. ஒரு கம்பெனியின் உடம்பு, இன்னொரு கம்பெனியின் டெலி லென்ஸ், மற்ற உறுப்புகள் வேறெங்கிருந்தோ. எல்லாவற்றையும் தானே கோத்துக்கட்டி 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். இயற்கையாளர் ஈ. பி. ஜீ அந்தக் கருவியைப் பற்றி வேடிக்கையாக எழுதியிருக்கிறார். கிண்டல் செய்யத் தகுந்த கருவிதான். ஆனால் தனக்கு என்ன படம் வேண்டும் என்பது கிருஷ்ணனுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. அதிலிருந்துதான் அந்தக் கருவியே உருவானது. நாம் தலைகீழாகப் போகிறோம், வாங்கிவிட்டு எதை எடுக்கலாம் என்று தேடுகிறோம்.

எனவே, எனக்கு எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கேமரா பற்றிக் கேளுங்கள், லென்ஸ் பற்றிக் கேளுங்கள். கூடவே கடைசியாக எடுத்ததில் பத்துப் படங்களை, சுருக்காமல், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். நன்றாக வந்தவற்றை மட்டும் பொறுக்க வேண்டாம். சொதப்பியவைதான் எனக்கு முக்கியம்.

(தொடரும்)