பெரணிக்கு இரண்டு உடல்

பெரணி பூப்பதில்லை, காய்ப்பதில்லை. ஆனாலும் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் நிழலும் ஈரமும் உள்ள பாறை இடுக்குகளில் அது செழித்து நிற்கிறது. இலையைத் திருப்பினால் பின்பக்கம் பழுப்புப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். ஏதோ பூச்சி என்று சிலர் அவற்றைச் சுரண்டி எடுப்பதும் உண்டு. அவை ஸ்போர் பைகளின் கொத்துகள். பை உலர உலர அதன் விளிம்பிலுள்ள வளையம் பின்னால் வளைந்து, சட்டென்று மீளும். அந்த விசையில் ஸ்போர்கள் தூசியாகக் காற்றில் பறக்கும்.

ஈர மண்ணில் விழுந்த ஸ்போரிலிருந்து முளைப்பது பெரணி அல்ல. இதய வடிவில், விரல் நகத்தைவிடச் சிறிய பச்சைத் தகடு ஒன்று வளர்கிறது. புரோதாலஸ் என்று பெயர். அதற்கு வேர் இல்லை, தண்டு இல்லை, இலையும் இல்லை. ஆண், பெண் உறுப்புகள் இருப்பதோ இதில்தான். மழைநீர் மெல்லிய படலமாகப் பரவும்போது விந்தணுக்கள் நீந்திப் போய் முட்டையைச் சேர்கின்றன. அந்தக் கருவே நாம் அறிந்த பெரணியாக எழுகிறது. தகட்டின் செல்களில் குரோமோசோம் ஒற்றைத் தொகுதி, பெரணியில் இரட்டை.

அப்படியானால் விதைத் தாவரங்களின் இரண்டாம் உடல் எங்கே? அங்கும் இருக்கிறது, ஒளிந்திருக்கிறது என்று 1851-இல் விளக்கியவர் லைப்சிக் நகரத்துப் புத்தக வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டர். பல்கலைக்கழகப் படிப்பு இல்லாத அவருடைய இந்த முடிவு தாவரவியலின் மிகப் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று என்றே சொல்வேன். பெண் உடல் சூலுக்குள் தாய்ச்செடியின் பாதுகாப்பிலேயே இருந்துவிடுகிறது. பூக்கும் தாவரங்களில் அது பெரும்பாலும் ஏழே செல்கள். ஆண் உடல் மகரந்தத்தூளாகக் காற்றிலோ வண்டின் காலிலோ பயணம் போகிறது. மகரந்தக் குழாயே விந்தணுவைச் சூலுக்குள் கொண்டு சேர்ப்பதால் நீந்த நீர் தேவையில்லை. பூக்கும் தாவரங்களில் ஒரு விந்தணு முட்டையோடு சேர, இன்னொன்று கருவுக்கான உணவை உண்டாக்குகிறது. இளநீரும் தேங்காய்ப் பருப்பும் அந்த உணவுதான். அரிசியும் பெரும்பகுதி அதுவே.

இந்த இரு உலகங்களுக்கும் நடுவே நிற்கின்றன ஜின்கோவும் சைகஸும். விதை தரும் மரங்கள், ஆனால் விந்தணு இன்னும் நீந்துகிறது. 1896-இல் டோக்கியோவின் கோயிஷிகாவா தாவரவியல் தோட்டத்து ஜின்கோ மரத்தின் சூலை நுண்ணோக்கியில் ஆராய்ந்து இதைக் கண்டவர் ஹிராசே சகுகோரோ. தாவரவியல் துறையில் படம் வரையும் பணியில் சேர்ந்தவர் அவர். அதே ஆண்டில் சைகஸிலும் அதைக் கண்டார் இகெனோ சேயிச்சிரோ. சூலுக்குள் சுரக்கும் ஒரு துளி நீரே அந்த விந்தணுக்களுக்குப் போதும்.

நம் மாணவர்களோ புரோதாலஸை ‘படம் வரைந்து பாகம் குறி’ என்ற கேள்விக்காகவே அறிகிறார்கள். ஆசிரியர்களே, முதிர்ந்த பெரணி இலை ஒன்றை ஈரமான செங்கல்மேல் உதறி, கண்ணாடிப் பாத்திரத்தால் மூடி, நிழலில் வையுங்கள். செங்கல் காயாமல் பார்த்துக்கொண்டால் சில வாரங்களில் அந்தப் பச்சைத் தகட்டைப் பிள்ளைகள் தங்கள் கண்ணாலேயே பார்ப்பார்கள்.