உஷார்! மேளம் அடிக்கிறவர்களின் காது போய்க்கொண்டிருக்கிறது

ஆடி நெருங்குகிறது. அரக்கோணம் ஜங்ஷனில் திருத்தணி போகிற சிறப்பு ரயிலுக்குக் கூட்டம் சேரப் போகிறது. காவடியும் பால்குடமும் ஏறுகிற அதே பெட்டியில் பம்பையும் உடுக்கையும் சிலம்பும் ஏறும். அந்தப் பம்பையைச் சுமந்து போகிறவர்களுக்கும், அட்வான்ஸ் கொடுத்து அவர்களை அழைக்கிறவர்களுக்கும், ஊர்வலத்தில் பிள்ளையைத் தோளில் உட்கார வைத்து நடக்கிற அப்பாக்களுக்கும் ஒரு அவசரச் சேதி. மேளச் சத்தத்தில் போகிற காது திரும்பி வராது. அதை மீட்டுத் தரும் மாத்திரையும் இல்லை, ஊசியும் இல்லை.

வேறு ஊர்க்காரர்களுக்கு மேளத் தொழில் என்றால் முகூர்த்த நாட்கள்தான் ஞாபகம் வரும். நம் பக்கம் அப்படியில்லை. தையில் கிருத்திகை, மாசியில் மயானக் கொள்ளை, கோடையில் தீமிதி, ஆடியில் ஊருக்கு ஊர் கூழ் வார்த்தல், ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி, டிசம்பர் 31 இரவு அங்கேயே படித் திருவிழா. நடுவில் கல்யாணம், காதுகுத்து, சாவு, கட்சிக் கூட்டம். நகரி, புத்தூர் பக்கத்திலிருந்தும் அழைப்பு வரும். பம்பைக்காரரின் காதுக்கு ஓய்வு மாதம் என்று ஒன்று கிடையாது.

கணக்கைக் கேளுங்கள். தொழிலிடங்களுக்குப் பல நாடுகளில் வைத்துப் பார்க்கிற அளவு 85 டெசிபல். அந்தச் சத்தத்தில் ஒரு மனிதர் நாளுக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 88-இல் 4 மணி நேரம், 91-இல் 2 மணி நேரம், 94-இல் ஒரு மணி நேரம். 100-க்கு வந்தால் 15 நிமிடம்தான். 105-இல் 5 நிமிடம் கூட இல்லை. ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது என்றால் அந்த இடத்தில் 85-ஐத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். நான்கு பம்பை சேர்ந்து அடிக்கிற இடத்தில் கத்தினாலும் கேட்காது, கை ஜாடைதான். அங்கே நம் ஆள் நிற்பது 5 நிமிடமா, ஐந்து மணி நேரமா?

உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள். சத்தத்தை மூளைக்கு அனுப்புவது அவைதான். பெருஞ்சத்தம் அடித்தால் அவை மடங்குகின்றன. ஓய்வு கிடைத்தால் ஓரளவு நிமிர்கின்றன. ஊர்வலம் முடிந்த இரவில் காது அடைத்த மாதிரி இருந்து, மறுநாள் சரியாவது அதனால்தான். ஆனால் ‘சரியாகிவிட்டது’ என்று நினைக்கிற ஒவ்வொரு முறையும் சில அணுக்கள் எழுந்திருக்காமலே போகலாம். பறவைகளுக்கு இந்த அணுக்கள் திரும்ப முளைக்கும். மனிதனுக்கு முளைப்பதில்லை. பிறக்கும்போது வந்தவைதான் கடைசி வரைக்கும்.

முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸ் சுற்றிலுமுள்ள உயர்ந்த ஒலிகள். அதனால்தான் ஏமாந்து போகிறார்கள். பம்பை நன்றாகக் கேட்கும், லாரி ஹாரன் கேட்கும், எதிரில் நிற்பவர் குரலும் கேட்கும். அவர் சொன்ன சொல் மட்டும் புரியாது. சகரமும் தகரமும் நழுவும், ‘சட்டை’யா ‘கட்டை’யா என்று குழப்பம் வரும். பேத்தி பேசுவது விளங்காது, ஏனென்றால் குழந்தைக் குரல் மேலே இருக்கிறது. மேளக்காரர் டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்வார். கூட்டத்தில் பேசினால் பிடிபடாது, போனை எப்போதும் ஒரே காதில்தான் வைப்பார். வீட்டில் உள்ளவர்கள் ‘கூப்பிட்டா காதுலயே விழறதில்ல’ என்று சலித்துக்கொள்வார்கள். வயசாகிவிட்டது என்று அவரும் விட்டுவிடுவார். அவருக்கு முப்பத்தைந்து வயசுதான் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. எல்லாரும் தூங்கிய பிறகு காதுக்குள் ‘ஙொய்’ என்று ஓர் இரைச்சல். சிலருக்கு அது நிற்பதே இல்லை, தூக்கத்தைத் தின்றுவிடும். மெட்டாலிகா குழுவின் டிரம்மர் லார்ஸ் உல்ரிக் இந்த இரைச்சலோடு வாழ்வதைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். உலகம் சுற்றுகிற கலைஞர், எந்த மருத்துவரையும் போய்ப் பார்க்க வசதி உள்ளவர். அவருக்கே அதை நிறுத்த வழியில்லை. காவேரிப்பாக்கத்துக்கும் சோளிங்கருக்கும் பேருந்தில் போய்வருகிற நம் கலைஞருக்கு என்ன வழி?

தாத்தா காலத்தில் அடிக்கவில்லையா என்று கேட்பார்கள். அடித்தார்கள். ஆனால் அந்த மேளம் வேறு, அடித்த சூழ்நிலையும் வேறு.

ஜோடிப் பம்பையில் ஒன்று வெண்கலம், ஒன்று மரம். அதில் போர்த்தியிருந்தது விலங்குத் தோல். தோல் ஈரத்தில் தளரும், வெயிலில் இறுகும். பறையை வைக்கோல் தீயில் காய்ச்சித்தான் அடிக்க வேண்டும், சற்று நேரத்தில் திரும்பத் தளர்ந்துவிடும். அந்தத் தளர்ச்சியே காதுக்குக் கிடைத்த ஓய்வு. மேல்நாட்டு டிரம்ஸும் ஒரு காலத்தில் இப்படித்தான், கன்றுத்தோல் போர்த்தியது. 1957-இல் அமெரிக்காவில் ரெமோ பெல்லி என்ற டிரம்மர் பிளாஸ்டிக் தோலைத் தயாரித்து விற்கக் கம்பெனி தொடங்கினார். அதற்குப் பிறகு உலகத்து டிரம்ஸ் எல்லாமே மாறின. அதே பிளாஸ்டிக் இன்று நம் பறைக்கும் பம்பைக்கும் வந்துவிட்டது. தவிலில் வார் இருந்த இடத்தில் இரும்பு வளையமும் போல்ட்டும். ஸ்பேனரை வைத்து எவ்வளவு வேண்டுமானாலும் இறுக்கலாம்.

இதற்காகக் கலைஞர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆடி மாதத்துச் சாரலில் தோல் தளர்ந்தால் கூலி போய்விடும். பிளாஸ்டிக் மழைக்கு அஞ்சாது, தீ மூட்ட வேண்டாம், அடிக்கடி மாற்ற வேண்டாம். தொழில் செய்கிறவர் அதைத்தான் வாங்குவார். ஆனால் அது எழுப்புவது கூர்மையான சத்தம், காது முதலில் இழக்கிற அந்த உயர்ந்த ஒலிகளைக் குறிவைத்து அடிக்கிறது. தளர்வதே இல்லாததால் நடுவில் ஓய்வும் போயிற்று.

போதாக்குறைக்கு ஜெனரேட்டர் வண்டி. மினி லாரியில் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் அடுக்கி, பம்பைக்கே மைக் வைத்துவிடுகிறார்கள். பக்கத்து ஊரின் நாசிக் டோலுக்கும் செண்டை மேளத்துக்கும் ஈடு கொடுக்க வேண்டுமாம். கலைஞர் நிற்பது அந்த ஸ்பீக்கர் வாயில். இதில் சரவெடி வேறு. வெடித்த இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது பட்டாசுக்கான விதி. நம் தெருக்களில் 4 மீட்டர் தள்ளி யார் நிற்கிறார்கள்? ஒரே ஒரு வெடி, காதுக்குப் பக்கத்தில் வெடித்தால், அந்த நொடியிலேயே செவிப்பறை கிழியலாம்.

எனக்கு மிகவும் பயம் தருவது அடுத்த விஷயம். உயர்ந்த ஒலி கேட்காமல் போன கலைஞருக்குத் தன் மேளம் ‘மந்தமாக’ இருப்பதாகத் தோன்றும். இன்னும் இறுக்குவார், இன்னும் ஓங்கி அடிப்பார், மைக்செட்காரரிடம் சத்தத்தை ஏற்றச் சொல்வார். அந்தச் சத்தம் மிச்சமிருக்கிற அணுக்களையும் தின்னும். குழுவின் மூத்தவர் அப்படி ஏற்றினால் பக்கத்தில் நிற்கிற பதினாறு வயசுப் பையனும் அதே சத்தத்தில்தான் கற்றுக்கொள்கிறான். ஒரு காது கெட்டால் குழுவே கெடுகிறது.

ஆர்க்கெஸ்ட்ரா பையன்களும் இதில் அடக்கம். நோயல் கிராண்ட், சிவமணி போன்ற டிரம்மர்களின் பெயரைச் சொல்லிக்கொண்டு டிரம்ஸுக்கு வந்தவர்கள். சிம்பல் காதுக்கு நேர், மானிட்டர் ஸ்பீக்கர் முதுகுப் பக்கம், கச்சேரி முடிந்து வேனில் திரும்பும்போது தூக்கம் வராமலிருக்க மறுபடி ஹெட்ஃபோனில் பாட்டு. காதுக்கு எப்போது ராத்திரி?

அரக்கோணத்தில் ரயில்வே பணிமனை இருக்கிறது, டயர் தொழிற்சாலை இருக்கிறது, 1992-இலிருந்து கடற்படையின் ராஜாளி விமான தளம் இருக்கிறது. ஓடும் விமான இஞ்சினுக்குப் பக்கத்தில் காதுறை போடாமல் எவரையும் வேலை செய்ய விடமாட்டார்கள். இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மையைத் தொழிற்சாலைகள் சட்டம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்தது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையிலும் அது இருந்தது. அதே ஊரில் அதே அளவு சத்தத்தில் நிற்கிற பம்பைக்காரருக்குத் தாம்பூலமும் கூலியும்தான். அவருக்கு முதலாளி என்று யாரைக் காட்டுவது? இது அநியாயம். 2007-இல் தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் அமைந்தது. உறுப்பினராகச் சேரும்போதும் புதுப்பிக்கும்போதும் மேளக் கலைஞர்களுக்கு இலவசக் காது பரிசோதனை செய்து, ஒரு ஜோடி காதடைப்பானைக் கையில் கொடுக்க வாரியம் முன்வர வேண்டும். பெரிய செலவே இல்லை.

அதுவரை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். மருந்துக் கடையில் மஞ்சள், ஆரஞ்சு நிறத்தில் நுரைக் காதடைப்பான் கிடைக்கும், ஒரு டீ, வடை செலவுக்கு மேல் போகாது. விரலால் உருட்டி மெல்லிசாக்கி, மறு கையால் காது மடலை மேலே பின்னால் இழுத்துப் பிடித்து, உள்ளே வைத்து, அது விரியும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். இரண்டு காதுக்கும். பஞ்சை அடைத்துக்கொள்வது கண்துடைப்பு, போதுமான அளவு தடுக்காது. ‘அடைத்தால் தாளம் கேட்காதே’ என்பார்கள். கேட்கும். சரியாகப் பொருந்திய அடைப்பான் 20 டெசிபல் வரை குறைக்கும். 105 என்பது 85 ஆகும். 5 நிமிடம் தாங்காத காது 8 மணி நேரம் தாங்கும். பம்பை இடுப்பில் கட்டியிருக்கிறது, அதிர்வு எலும்பு வழியாக வந்துகொண்டே இருக்கும். முதல் இரண்டு நாள் அந்நியமாக இருக்கும், பிறகு பழகும். வசதியுள்ள டிரம்மர்கள் எல்லா ஒலியையும் ஒரே அளவில் குறைக்கிற இசைக்கலைஞர் அடைப்பானை வாங்கலாம்.

ஸ்பீக்கர் வண்டி மேளத்துக்குப் பின்னால் வரட்டும், ஒரு இருபது அடி விட்டு. மூன்று தெருவுக்கு ஒருமுறை மேளத்தை இறக்கி வைத்து, வண்டியிலும் பாட்டு போடாமல் ஓய்வு கொடுங்கள். இதை அட்வான்ஸ் வாங்கும்போதே பேசிவிடுங்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. விழாக் கமிட்டி அழுத்தினால் அந்த விதியைக் காட்டலாம். வீட்டில் பழைய வெண்கலப் பம்பை இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மழையில்லாத நாளில், கோவில் உள்ளே, சின்ன இடத்தில் தோல் போர்த்திய அந்தப் பம்பையே போதும்.

கைக்குழந்தையை ஸ்பீக்கர் வண்டிப் பக்கம் கொண்டு போகாதீர்கள். வேண்டுதல் இருந்தால் வண்டியிலிருந்து நன்றாக விலகி, ஊர்வலத்தின் பின்கோடியில் நடங்கள். சாமி கோபிக்காது.

இன்னொரு உஷார். காது மந்தம் என்றதும் எண்ணெய் காய்ச்சி ஊற்றச் சொல்வார்கள். ஊற்றாதீர்கள். பிளாட்பாரத்தில் காது குடைகிறவரிடம் காதைக் கொடுக்காதீர்கள். நரம்புக்கு உயிர் கொடுக்கும் சொட்டு மருந்து என்று விற்பதெல்லாம் பொய். பரிசோதனை இல்லாமல் ஆன்லைனில் வாங்குகிற மலிவு ‘காது மிஷின்’ எல்லாச் சத்தத்தையும் சேர்த்துப் பெருக்கி மிச்சத்தையும் கெடுக்கலாம். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அது அவசரம். ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று விடாமல் அன்றே மருத்துவரிடம் ஓடுங்கள். அந்த ஒன்றுக்கு மட்டும் நாள் தள்ளாமல் சிகிச்சை தொடங்கினால் மீட்க வாய்ப்பு உண்டு.

அரக்கோணத்திலிருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயிலில் 69 கிலோமீட்டர். இறங்கிச் சாலையைக் கடந்தால் எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. அங்கே காது மூக்கு தொண்டைப் பிரிவில் செவித்திறன் பரிசோதனை செய்கிறார்கள். ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்வார்கள், வலி எதுவும் இல்லை. ஆடி பிறந்துவிட்டால் உங்களுக்கு நேரம் இருக்காது. அதற்கு முன்னால் ஒரு நாள், குழுவாகவே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.